எஃப் 32 எப்படி எஃப் 31 ஆனது? மனநோய் வகைகளைப் புரிந்துகொள்ள ஒரு வழி

கேள்வி இதுதான்: "தம்பிக்கு 26 வயது. ஒன்றரை வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறான். முதலில் பார்த்த டாக்டர் சீட்டில் எஃப் 32 என்று எழுதி, டிப்ரஷன் என்றார். போன மாதம் வேறு டாக்டரிடம் போனோம். அவர் எஃப் 31 என்று எழுதி, பைபோலார் என்கிறார், மாத்திரையையும் மாற்றிவிட்டார். நடுவில் ஒரு தடவை கோழிப்பண்ணை வைக்கிறேன் என்று அம்மா நகையை அடகு வைத்தான், அப்போதெல்லாம் நல்லாத்தான் இருந்தான். இரண்டு டாக்டரில் யார் சொல்வது சரி? மனநோயில் மொத்தம் எத்தனை வகை? இது சரியாகுமா?"

இரண்டு பேருமே அவரவர் பார்த்த அன்றைக்குச் சரியாகவே எழுதியிருக்கலாம். அது எப்படி என்று சொல்லத்தான் இந்த நீளமான பதில்.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். டாக்டர் பார்ப்பதற்கு முன் நோயாளியையும் கூட வந்தவர்களையும் உட்காரவைத்து, எப்போது தொடங்கியது, எப்படித் தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை. அந்தக் காகிதத்தில் இருப்பதை வைத்துத்தான் பாதி நோய்க்குப் பெயர் விழுகிறது.

முதலில் அந்த 'எஃப்' என்ன என்று பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் எல்லா நோய்களுக்கும் எண் கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, ஐ.சி.டி. என்பார்கள். அதன் பத்தாவது பதிப்பில் மனநோய்கள் இருக்கும் அத்தியாயத்தின் எழுத்து எஃப். பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது, அதில் எண்களே வேறு. ஆனாலும் நம் ஊர் ஓ.பி. சீட்டுகளில் பழைய எஃப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் டி.எஸ்.எம். என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெயர்கள் பெரும்பாலும் ஒன்றுதான், கணக்கில் கொஞ்சம் வித்தியாசம் வரும்.

சர்க்கரைக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பதுபோல மனச்சோர்வுக்கோ மனச்சிதைவுக்கோ பரிசோதனை கிடையாது. ஸ்கேன் எடுப்பது வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். பேச்சு, நடத்தை, தூக்கம், எத்தனை நாள், இதற்கு முன் எப்படி, இவைதான் ஆதாரம். அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் விழுவது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1960களின் கடைசியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நியூயார்க்கில் மனச்சிதைவு என்ற பெயர் ஏகத்துக்கும் அதிகம், லண்டனில் மனநிலை நோய் என்ற பெயர் அதிகம். ஒரே மாதிரிக் கேள்விகளோடு ஒரே குழு இரு ஊரிலும் போய்ப் பார்த்தபோது அந்த வித்தியாசம் பெருமளவு கரைந்துபோனது. நோயாளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், பெயர் வைத்தவர்கள்தான் வேறு மாதிரி. அதற்குப் பிறகுதான் 'இத்தனை அறிகுறி, இத்தனை நாள்' என்ற கணக்கோடு 1980இல் டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு வந்தது.

எஃப் எண்கள் ஏனோதானோ என்று போட்ட வரிசை இல்லை. மேலிருந்து கீழே போனால் ஒரு நல்ல டாக்டர் மனதில் கேள்விகள் ஓடும் வரிசை அது. முதலில் உடம்பு, அடுத்து போதை, அடுத்து நிஜத்தோடு தொடர்பு அறுந்திருக்கிறதா, அடுத்து மனநிலை, அதற்கும் அடுத்துதான் பயம், பதற்றம். இதே வழியில் போனால் உங்களுக்கும் வகைகள் பிடிபட்டுவிடும்.

எஃப் 00 முதல் 09 வரை: உடம்புக்கோ மூளைக்கோ வந்த கோளாறு மனநோய் வேஷம் போட்டு வருவது. ஒரு பாட்டியைக் கூட்டிவந்தார்கள், எழுபத்தைந்து வயது இருக்கும். நான்கு நாளுக்கு முன்புவரை தானே கோலம் போட்டவர். இப்போது மருமகளைப் பார்த்து "யாரு நீ?" என்கிறார், சுவரில் எறும்பு சாரைசாரையாகப் போகிறது என்று தட்டிவிடுகிறார், பொழுது சாய்ந்தால் இன்னும் மோசம். பேய், செய்வினை என்று பேசிக்கொண்டிருந்தது குடும்பம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் தரைமட்டம். வார்டில் சேர்த்துச் சரிசெய்ததும் ஐந்தாம் நாள் என்னைப் பார்த்து "நீ எந்த ஊருப்பா?" என்று கேட்டார். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறங்குவது, தைராய்டு, மூளைக்காய்ச்சல் எல்லாம் இப்படி வரலாம். வயதானவருக்குச் சில நாட்களில் திடீரென்று குழப்பம் வந்தால், காதில் குரல் கேட்பதைவிடக் கண்ணில் உருவம் தெரிவது அதிகமாக இருந்தால், நேரத்துக்கு நேரம் ஆள் மாறினால், மனநல டாக்டருக்கு முன்னால் பொது மருத்துவரிடம் ஓடுங்கள். இதற்கு நேர்மாறாக, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல நினைவு தேய்வது மறதிநோய். அலோய்ஸ் அல்சைமர் 1906இல் முதன்முதலில் எடுத்துச் சொன்ன நோய் அதில் ஒரு வகை.

எஃப் 10 முதல் 19 வரை போதை. எஃப் 10 என்றால் குடி. குடிநோய் ஒழுக்கக்கேடு இல்லை, நோய். இதை நான் சொன்னால் எங்கள் வீட்டிலேயே பாதிப்பேர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அது வேறு கதை. நான் இங்கே சொல்லவந்தது ஒரே ஒரு விஷயம். தினமும் நிறையக் குடிப்பவர் கால் உடைந்து எலும்பு வார்டில் சேர்கிறார். குடிக்கிற விஷயத்தை வீட்டார் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. முதல் நாள் கை நடுக்கம், வியர்வை. இரண்டாம் நாள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் ராத்திரி டிரிப் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து இல்லாத பீடியைச் சுருட்டிக்கொண்டிருப்பார், "போலீஸ் வருது" என்பார். மருத்துவமனையில் கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுத்துவிடும் நிலை அது. ஆகவே நிறையக் குடிக்கிறவரை "நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடக்கூடாது" என்று வீட்டுக்குள் பூட்டிவைக்காதீர்கள். மருத்துவ மேற்பார்வையில் நிறுத்தவேண்டும், வைட்டமின் பி1 ஊசியும் சேர்த்து. கஞ்சா பிடிக்கும் பையன்களுக்குக் குரல் கேட்பது, சந்தேகம் எல்லாம் வரலாம். அது கஞ்சாவால் மட்டும்தானா, அடுத்த வரிசை நோய் தலைகாட்டுகிறதா என்பது கஞ்சாவை விட்டுச் சில வாரம் பொறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எஃப் 20. மனச்சிதைவு, ஸ்கிசோஃப்ரினியா. சினிமா புண்ணியத்தில் இதை 'ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள்' என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சுவிட்சர்லாந்து டாக்டர் ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் இந்தப் பெயரை வைத்தபோது சொன்ன பிளவு, எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவது. யாரோ தன்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் கேட்கும், தன் எண்ணத்தை எல்லோரும் படித்துவிடுகிறார்கள் என்று தோன்றும், சாப்பாட்டில் விஷம் என்ற சந்தேகம் எந்தச் சமாதானத்துக்கும் அசையாது.

இவை கண்ணுக்குத் தெரிவதால் வீட்டார் பயந்து கூட்டிவந்துவிடுவார்கள். கூட்டிவராமல் விடுவது இன்னொரு பாதியை. குளிப்பதில்லை, யாரோடும் பேச்சில்லை, மூலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், எதிலும் ஆசையில்லை. "சோம்பேறி சார், தண்டச்சோறு" என்று அப்பாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நோய்தான் அந்தச் சோம்பேறித்தனம். மாத்திரையில் குரல்கள் அடங்குகிற அளவுக்கு இது சீக்கிரம் மாறாது. அதற்குத் தினசரி சின்னச் சின்ன வேலை, பொறுமை, தொழில் பயிற்சி என்று வேறு பாடு இருக்கிறது. 1952இல் குளோர்ப்ரோமசின் வந்த பிறகுதான் இந்த நோயாளிகள் ஆயுளுக்கும் மருத்துவமனையில் கிடக்காமல் வீடு திரும்பத் தொடங்கினார்கள். வீடு திரும்பியவர்களுக்கு வேலையும் வாழ்க்கையும் வேண்டுமே என்று, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நடத்திய டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் முதல் தடவையாக நோய் வந்த 90 பேரை டாக்டர் தாராவும் குழுவினரும் பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்ததில், ஓயாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிலர்தான். 'இது வந்தால் வாழ்க்கை முடிந்தது' என்பவர்களிடம் நான் அந்த 90 பேரைத்தான் சொல்வேன்.

எஃப் 23 என்று ஒன்று உண்டு, நம் பக்கத்தில் அடிக்கடி பார்ப்பது. நன்றாக இருந்த ஆள் இரண்டு வாரத்துக்குள் தலைகீழாக மாறி, உளறி, ஓடி, பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் முழுசாகத் தெளிந்துவிடுவார். முதல் வாரத்திலேயே 'மனச்சிதைவு' என்று யாராவது தீர்ப்பு எழுதினால் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெயருக்கு ஐ.சி.டி. கணக்கில் குறைந்தது ஒரு மாதம், டி.எஸ்.எம். கணக்கில் ஆறு மாதம் அறிகுறி இருக்கவேண்டும்.

இந்த இடத்தில் கோயில், தர்கா பற்றியும் சொல்லிவிடுகிறேன். குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கினவர்களும் ஏர்வாடிக்குப் போனவர்களும் எங்களிடம் வருகிறார்கள். நான் யாரையும் கேலி செய்வதில்லை. சித்த மருத்துவ ஏடுகளிலேயே கிரிகை என்று பதினெட்டு வகைப் பைத்தியம் சொல்லி மருந்தும் சொல்லியிருக்கிறது. நம்பிக்கையும் மருந்தும் எதிரி இல்லை. கட்டிப்போடுவதுதான் எதிரி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியோடு கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த வகையிலும் கூடாது என்று தடுத்திருக்கிறது. திருநீறு பூசிக்கொள்ளுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

இப்போது உங்கள் தம்பி இருக்கும் வரிசை, எஃப் 30 முதல் 39. மனநிலை நோய்கள்.

எஃப் 32 மனச்சோர்வு. கவலைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. கவலையில் இருக்கிறவர் பேரக்குழந்தை ஓடிவந்தால் சிரித்துவிடுவார். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பும் வராது. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, எதிலும் பிடிப்பில்லாமல், விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, பசி போய், 'நான் எல்லாருக்கும் பாரம்' என்ற நினைப்போடு இருப்பது. நம் ஊரில் "மனசு சரியில்லை" என்று யாரும் வருவதில்லை. உடம்பு அசதி, தலை பாரம், நெஞ்சடைப்பு, வயிறு எரிகிறது என்றுதான் வருவார்கள். முழு உடல் பரிசோதனை இரண்டு தடவை முடிந்து, கோப்பு தடித்த பிறகுதான் எங்கள் வாசலுக்கு வருவார்கள். மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். பத்தாம் நாள் 'ஒண்ணும் கேக்கலை' என்று நிறுத்துவதுதான் நான் பார்த்த பொதுவான தவறு.

எஃப் 31 இருமுனை நோய், பைபோலார். இதில் மனச்சோர்வும் வரும், அதன் எதிர்முனையான மனக்கிளர்ச்சியும் வரும். கிளர்ச்சி வந்தால் தூக்கமே தேவைப்படாது. இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு நாலு மணிக்கு எழுந்து வீட்டுக்கு வெள்ளையடிப்பார். பேச்சு நிற்காது, செலவு நிற்காது, ஊருக்கே உதவுவார், யார் தடுத்தாலும் கோபம் பொங்கும். முற்றினால் 'முதலமைச்சர் எனக்காகக் காத்திருக்கிறார்' என்ற அளவுக்குப் போகும். இலேசாக வந்தால் யாருக்கும் நோய் என்றே தெரியாது. 'பையன் தெளிஞ்சுட்டான், சுறுசுறுப்பா இருக்கான்' என்று வீடே சந்தோஷப்படும்.

இங்கேதான் சிக்கல். இந்த நோய் இளவயதில் பெரும்பாலும் மனச்சோர்வாகத்தான் முதலில் தலைகாட்டும். கிளர்ச்சி இன்னும் வரவே இல்லை என்றால் எந்தக் கொம்பன் டாக்டரும் எஃப் 32 என்றுதான் எழுதமுடியும். வந்திருந்து யாரும் சொல்லவில்லை என்றாலும் அதே எண்தான். நான் ஒவ்வொரு மனச்சோர்வு நோயாளி வீட்டாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று: "இதுக்கு நேர் எதிரா எப்பவாவது இருந்தாரா? தூக்கமில்லாம, ஆனா அசதியே இல்லாம?" முதலில் இல்லை என்பார்கள். கொஞ்சம் விட்டு, "புதுசா தொழில் ஏதும் ஆரம்பிச்சாரா? திடீர்னு கடன் வாங்கினாரா?" என்று மாற்றிக் கேட்டால் கதை வெளியே வரும். ஒரு அம்மா சொன்னார்: "அந்த மாசம் மட்டும் நல்லா இருந்தான் சார். மூணு செல்போன் வாங்கினான், எனக்கே ரெண்டு பட்டுப்புடவை எடுத்தான்." அவர் வாழ்க்கையில் மகனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இருந்த ஒரே மாசம் அது. அதை நோய் என்று எழுத எனக்கே கை வரவில்லை. எழுதினேன்.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கோழிப்பண்ணையும் நகை அடகும். அப்போதெல்லாம் நல்லாத்தான் இருந்தான் என்கிறீர்கள். இரண்டாவது டாக்டர் அந்த வரியைப் பிடித்திருப்பார் என்பது என் ஊகம். ஊகம்தான். 26 வயதுப் பையன் தொழில் தொடங்க ஆசைப்படுவதே நோய் ஆகிவிடாது. எத்தனை நாள் அப்படி இருந்தான், எவ்வளவு தூங்கினான், வழக்கமான அவனாக இருந்தானா, இவைதான் முடிவு செய்யும். ஏறக்குறைய ஒரு வாரம் அப்படியே நீடித்ததா என்று பார்ப்பார்கள், இலேசான வகைக்குச் சில நாளே போதும்.

மாத்திரை ஏன் மாறியது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், இருமுனை நோய் உள்ளவர்களில் சிலரை அது கிளர்ச்சிக்குள் தூக்கிவிட்டுவிடும். ஆகவே மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து முதலில் வேண்டும். அதில் பழையது லித்தியம். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1949இல் இதைப் பற்றி எழுதினார். தம்பிக்கு அதுதான் எழுதியிருந்தால் இரண்டு விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரியவேண்டும். ஒன்று, அவ்வப்போது ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு பார்க்கவேண்டும். இரண்டு, உடம்பில் தண்ணீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டினாலும், வாந்திபேதி ஆனாலும், உப்பைத் திடீரென்று குறைத்தாலும் ஆபத்து. மூட்டுவலி, பல்வலி என்று கடையில் டைக்ளோஃபினாக், ஐபூப்ரொஃபென் வாங்கிப் போடவே கூடாது. பாராசிட்டமால் பரவாயில்லை. கை நடுக்கம் திடீரென்று கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அடுத்த மாத்திரை போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மின் அதிர்வு சிகிச்சை என்று யாராவது சொன்னாலும் பதறாதீர்கள். சாப்பிடாமல் கொள்ளாமல், சாகும் நினைப்போடு கிடக்கும் கடும் மனச்சோர்வில் அதைப்போல வேகமாகக் கைகொடுப்பது குறைவு. மயக்க மருந்து கொடுக்காமல் செய்வதைச் சட்டம் தடை செய்துவிட்டது. படத்தில் வில்லன் ஆள் வைத்துச் செய்யும் காட்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எஃப் 40 முதல் 48. கூட்டம் அதிகம் இங்கேதான். திடீர்ப் பீதி நோய் வந்தவரை நம் ஊரில் முதலில் பார்ப்பது இதய நோய் மருத்துவர். நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு முட்டும், கை விறைக்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும். பத்து நிமிஷத்தில் உச்சிக்குப் போய், அரைமணியில் இறங்கிவிடும். இ.சி.ஜி. சரியாக இருக்கும். 'கேஸ் டிரபிள்' என்று அனுப்பிவிடுவார்கள். முதல் தடவை இ.சி.ஜி. எடுத்தே ஆகவேண்டும், அதில் சமரசம் கிடையாது. ஐந்தாவது தடவையும் எடுத்துக்கொண்டிருந்தால் ஊர் மாற்றவேண்டாம், துறையை மாற்றுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால், அடுத்து வருமோ என்ற பயத்திலேயே பஸ் ஏறுவதை நிறுத்துவார்கள், பிறகு சந்தை, பிறகு தெருமுனை.

எஃப் 42 எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. கை கழுவுவதும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, வெளியே சொல்லமுடியாத எண்ணங்கள். சாமி கும்பிடும்போது ஆபாச நினைப்பு வருகிறது, கையில் கத்தி எடுத்தால் குழந்தையைக் குத்திவிடுவேனோ என்று வருகிறது. அந்த எண்ணத்தைப் பார்த்து நடுங்குகிறவர்கள் அதைச் செய்வதில்லை, அந்த நடுக்கமே நோயின் அடையாளம். பதினோரு வருஷம் கோயில் வாசலோடு திரும்பிப்போன ஒரு அக்கா, கட்டிய கணவனிடம்கூடச் சொல்லவில்லை. "இது நெறைய பேருக்கு வர்றதும்மா, பேரு இருக்கு" என்றதும் அழுதார். இதற்கு மாத்திரை அளவு கூடுதலாகத் தேவைப்படும், பலன் தெரிய எட்டுப் பன்னிரண்டு வாரம் ஆகலாம். கூடவே, பயப்படுவதை எதிர்கொண்டு, கழுவாமல் பொறுத்திருக்கும் பயிற்சியும் வேண்டும்.

எஃப் 43 பெரிய அதிர்ச்சிக்குப் பின் வருவது, பி.டி.எஸ்.டி. என்பது இதில்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களை முன்னிட்டு 1980இல் இந்தப் பெயர் டி.எஸ்.எம். பட்டியலில் ஏறியது. நமக்கு இது புத்தகச் செய்தி இல்லை, 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலோரக் கிராமங்களில் அலைச் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடியவர்களைப் பார்த்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் டாக்டர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் நடக்கும்போதே இந்தக் காயத்துக்கு வைத்தியம் பார்த்தவர்கள். 'மனவடு' என்ற சொல் எனக்கு ஈழத்தவர்கள் எழுத்திலிருந்துதான் வந்தது. எங்கள் அரசுப் படிவத்தில் இருக்கும் எந்தச் சொல்லையும்விட அது மேல்.

எஃப் 44இல் வலிப்புபோல வந்து விழுவது, பேச்சு நின்றுபோவது, பேய் ஏறுவது வரும். நடிப்பு இல்லை, சொல்லமுடியாத ஒன்றை உடம்பு சொல்கிறது. கல்யாணப் பேச்சு தொடங்கிய மாதத்தில் வந்த பெண்கள் எத்தனை பேர்! திருவிழாவில் சாமியாடி, இறங்கி, சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு எந்த நோயும் இல்லை. பட்டியலே அதை விலக்கித்தான் வைத்திருக்கிறது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப் 50களில் உணவு, தூக்கக் கோளாறுகள். அதில் எஃப் 53 மட்டும் மறக்காதீர்கள்: பிரசவமாகிச் சில நாளில் தாய் தூங்காமல், உளறி, குழந்தையைப் பார்த்துச் சந்தேகப்பட்டால் அது அவசரம், 'பச்ச உடம்பு, சரியாயிடும்' என்று காத்திருக்கக்கூடாது. எஃப் 60 ஆளுமைக் கோளாறுகள், வந்து போகும் நோயாக இல்லாமல் ஆளின் போக்காகவே இருப்பது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அவசரப்பட்டு இந்தப் பெயரை வைப்பது எனக்குப் பிடிக்காது. எஃப் 70 அறிவுத்திறன் குறைபாடு. அது மனநோய் இல்லை, 2017 சட்டமும் அதைத் தனியே பிரித்துவிட்டது, சான்றிதழ் வாங்கப் போகும்போது இந்தக் குழப்பம் வரும். எஃப் 80, 90களில் ஆட்டிசம், கவனக்குறைவு, துறுதுறுப்பு. அவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பதில் எழுதவேண்டும்.

பட்டியல் வேதவாக்கும் இல்லை. ஒருபால் ஈர்ப்பை நோய் என்று வைத்திருந்த அதே அமெரிக்கச் சங்கம் 1973இல் அதை நீக்கியது, உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது. 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பதைத் தடுக்கச் சொன்னது. இன்னமும் "சரிபண்ணிக் கொடுங்க" என்று மகனை இழுத்து வரும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, உங்களுக்கு வேண்டுமானால் ஒரு சீட்டு போடுகிறேன் என்பதுதான். டாக்டருக்கு அது பிடிக்காது.

சரியாகுமா என்று கேட்டீர்கள். இருமுனை நோய் சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி, நீண்ட காலம் மருந்தோடு வைத்துக்கொள்ளவேண்டியது. மருந்தோடு வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, கடன் கட்டி வாழ்கிறவர்கள் எங்கள் பதிவேட்டில் நிறையவே உண்டு, தெருவில் பார்த்தால் உங்களுக்குத் தெரியாது. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பத்துப் பேரில் ஒருத்தர். உங்கள் தெருவில் உங்கள் வீடு மட்டும் இல்லை.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். மருத்துவக் காப்பீடு இருந்தால் உடல்நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் தரவேண்டும் என்பது சட்டம். செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று தம்பி எப்போதாவது சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளாமல், "எப்படி நினைச்சே? எப்ப நினைச்சே?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மாத்திரை அட்டையை அம்மா கையில் வைத்திருக்கட்டும். ராத்திரி எந்நேரமும் 14416க்கு அழைக்கலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள்.

அடுத்த முறை போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நீளமான தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டு, அவன் பிளஸ் டூ முடித்த வருஷத்திலிருந்து இன்றுவரை மாதம் குறியுங்கள். கோட்டுக்குக் கீழே சோர்ந்து கிடந்த மாதங்கள், மேலே தூக்கமில்லாமல் ஓடிய மாதங்கள். எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். முக்கியமாக, கோழிப்பண்ணை விவகாரம் மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய பிறகு வந்ததா, அதற்கு முன்பேயா என்று பாருங்கள், டாக்டர் அதைக் கட்டாயம் கேட்பார். தாய்வழியிலோ தந்தைவழியிலோ இப்படி யாராவது இருந்திருந்தால், 'அந்தச் சித்தப்பா ஒரு மாதிரி' என்று வீட்டில் பேசிக்கொள்ளும் ஆளாக இருந்தாலும், அவரையும் எழுதுங்கள்.

போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். நகையைக் கொடுத்த அந்த மாதம் அவன் ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தான் என்பது அவருக்குத்தான் தெரியும்.